பாய்மரப் படகு பழகுவோம்



பாகான் செராயிலிருந்து மேற்கே போனால் கோலகுராவ் கடற்கரை வந்துவிடும். கடல் இவ்வளவு அருகில் இருந்தும், "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை அதட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். கடலோ தமிழருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்றது. பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், சென்னை நேத்ரா குமணன். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் கலந்துகொண்டார்.

பிள்ளைகள் பழகுவதற்கென்றே 'ஆப்டிமிஸ்ட்' என்னும் சிறு படகு இருக்கிறது. ஏறத்தாழ ஏழரை அடி நீளம், ஒரே பாய். 15 வயது வரையுள்ளோர் இதில் போட்டியிடுகிறார்கள்.

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கொடியும் மரக்கிளையும் அதைக் காட்டிவிடும். காற்றுக்கு நேர் எதிராகப் படகு போகாது. பாய் படபடவென்று அடிக்கும். அந்தத் திசையில் போக வேண்டுமானால், தைப்பிங் மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறுவதுபோல, வலமும் இடமுமாகச் சாய்ந்து சாய்ந்து போக வேண்டும்.

படகோட்டியின் ஒரு கை சுக்கான் பிடியில், மறு கை பாயை இழுக்கும் கயிற்றில். இந்தக் கயிற்றுக்குத் 'தாமான்' என்று பெயர். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். தாமானை இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும். தளர்த்தினால் வேகம் குறையும். படகு அதிகமாகச் சாய்கிறதா? உடனே தாமானைத் தளர்த்துங்கள். தொடக்கக்காரரின் உயிரைக் காக்கும் பாடம் இதுதான். அந்தக் கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. காற்று வரும் பக்கமாக உட்கார வேண்டும். படகு திரும்பும்போது பாயின் அடிக்கழி வேகமாக வீசும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் உதவிக்கு வருபவர் கண்ணில் எளிதில் படுவீர்கள். மிதவைச் சட்டை அணியாமல் படகில் ஏறவே கூடாது. இடி முழங்கினால் உடனே கரை சேர வேண்டும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் பலமாக வீசும் வேளையில் பழகக் கூடாது. அது படகை வெளியே இழுத்துச் சென்றுவிடும்.

கரைக்கு வந்த பிறகும் வேலை உண்டு. உப்பு போக நல்ல தண்ணீரால் படகையும் கயிறுகளையும் கழுவ வேண்டும். ஈரப் பாயைச் சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தி வையுங்கள். வெயிலில் கிடந்தால் துணி நைந்துவிடும். தேய்ந்த கயிற்றை உடனே மாற்றுங்கள். அடுத்த முறை இறக்குமுன், நீர் வடியும் துளையை அடைத்தோமா என்று பாருங்கள்.

பெற்றோர்களே, முதலில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பிறகு பயிற்சியாளரின் மேற்பார்வையில் படகில் ஏற்றுங்கள். பயந்து ஒதுங்கி வளரும் பிள்ளையைவிட, தண்ணீரை அறிந்து வளரும் பிள்ளைக்கு ஆபத்துக் குறைவு.