பகுதிநேர விண்ட்ஷீல்டு மெக்கானிக்: மலிவு இன்சூரன்ஸ் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

அமெரிக்க நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்தால் போதும், காரின் முன்பக்கக் கண்ணாடியில் பொட்டு அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிடும். அதைச் சரிசெய்யப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. போன் செய்தால் ஆபீஸ் பார்க்கிங்குக்கே ஆள் வருவார். சில்லுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுகவைப்பார். அரை மணி நேர வேலை. கருவிகள் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பதால், வேறு வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறுகளில் மட்டும் இதைச் செய்பவர்களும் உண்டு.

"வாரத்துக்கு நாலு கார் பார்க்கிறதுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்று இவர்களுக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் கூலி நூறு டாலரைச் சுற்றித்தான். கை தவறினால் வரும் செலவு அப்படியல்ல. ரெசின் சிந்தி பெயின்ட் கெடலாம். கேமரா பொருத்திய காரில் கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டலாம். தொழிலை எல்.எல்.சி. ஆகப் பதிவு செய்தாலும், தன் கையால் செய்த தவறுக்கு அவரே பொறுப்பு. கார்க்காரரிடம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறதே என்றால், அது அவருக்கான பாதுகாப்பு. அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனமே, தவறு மெக்கானிக்குடையது என்று தெரிந்தால் அந்தத் தொகையை அவரிடம் கேட்டு வரலாம்.

பெயரில் இருக்கிறது, பாலிசியில் இல்லை

ஏஜென்டிடம் போனால் முதலில் நீட்டப்படுவது 'ஜெனரல் லயபிலிட்டி' பாலிசி. ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், வருடத்துக்கு மொத்தம் 20 லட்சம் டாலர் என்பது வழக்கமான வரம்பு. கார் விற்பனையகங்களும் பெரிய நிறுவனங்களும் வேலை கொடுக்கும் முன் இந்தச் சான்றிதழைத்தான் கேட்கும். கருவியின் வயர் தடுக்கி யாராவது விழுந்தால், பக்கத்தில் நிற்கும் வண்டியில் கீறல் விழுந்தால் இது உதவும்.

சிக்கல் எங்கே என்றால், வேலைக்காக ஒப்படைக்கப்பட்டு மெக்கானிக்கின் பொறுப்பில் இருக்கும் பொருளுக்கு வரும் சேதத்தை இந்த வகைப் பாலிசி பொதுவாக விலக்கிவிடும். அதாவது, எந்தக் காருக்காகப் பயந்து பாலிசி எடுத்தாரோ அந்தக் காரே கணக்கில் வராது! அதற்கு 'கராஜ்கீப்பர்ஸ்' என்ற கவரேஜைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு: சில பாலிசிகள் பட்டறை முகவரிக்குள் நிற்கும் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். இவருக்கோ பட்டறையே கிடையாது. 'வாடிக்கையாளர் இடத்துக்கும் பொருந்தும்' என்று எழுத்தில் வாங்குவது அவசியம்.

ரெசின் ஏற்றும்போது விரிசல் ஓடிவிட்டால்? வேலையின் தரக்குறைவு என்று சொல்லி இரண்டு கவரேஜும் கைவிரிக்கவே வாய்ப்பு அதிகம். வேலையைத் தொடங்கும் முன்பே "விரிசல் ஓடக்கூடும்" என்று எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா, அது சும்மா சம்பிரதாயம் இல்லை.

செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. பிரீமியம் பெரும்பாலும் வருட வருமானம், வேலையின் வகை ஆகியவற்றை வைத்தே கணக்கிடப்படும். கொஞ்சம் வேலைதானே என்று பூஜ்ஜியத்துக்கு இறங்காது. குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். ஆனாலும் 'ரிப்பேர் மட்டும், கண்ணாடி மாற்றுவதில்லை' என்று அறிவித்தால் விலை இறங்க இடமுண்டு. காரணம், பல கார்களில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் மோதித்தான் திரும்புகிறது. சரியாக ஒட்டாத கண்ணாடி கழன்றுகொண்டால் உயிருக்கே ஆபத்து. மாற்றும் வேலையை நிறுவனங்கள் வேறு கண்ணோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

'ரிப்பேர் மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் கேட்டார் என்று ஒரு கண்ணாடியை மாற்றிக் கொடுப்பவர்தான் மாட்டிக்கொள்வார். விலை குறைந்த பாலிசிகளில், குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே பொருந்தும் என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் நிற்காது. வருட முடிவில் தணிக்கை செய்து மீதியை வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

சீசனுக்கு மட்டும் வேலை செய்பவர்கள் மாதக் கணக்கில் கிடைக்கும் பாலிசியை நாடுகிறார்கள். சிக்கனம்தான். ஆனால் வழக்கமான ஜெனரல் லயபிலிட்டி பாலிசியில் வேலை செய்த தேதி முக்கியமில்லை, சேதம் நடந்த தேதிதான் முக்கியம். ஆகஸ்டில் செய்த வேலையால் டிசம்பரில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு, அக்டோபரிலேயே பாலிசியை நிறுத்தியிருந்தால் அந்த கிளெய்ம் நிற்காது. நிறுத்தும் முன், முடித்த வேலைகளுக்கு மட்டும் தனிக் கவரேஜ் கிடைக்குமா என்று ஏஜென்டிடம் கேட்டுப் பார்க்கலாம்.