கரண்ட் பில்லில் பிறந்த யோசனை

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் வண்டிகளைக் கவனிச்சிருக்கீங்களா? மரவள்ளி, தினை, சாமை, கடுக்காய், புளி என்று மூட்டை மூட்டையாக இறங்கும். திரும்பி ஏறும் வண்டியில் மாவும் மசாலாவும் பாக்கெட்டாக வரும். மூட்டைக்கும் பாக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் லாபம் மலையில் தங்குவதில்லை. அதனால்தான் விளைச்சல் இருந்தும் வேலை தேடி வெளியூர் போக வேண்டியிருக்கிறது.

இதை மாற்றப் பெரிய பணக்காரர் யாராவது வரணும்னு நினைக்கிறோம். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி அப்படிக் காத்திருக்கவில்லை.

ஓடந்துறை என்ன செய்தது?

மேட்டுப்பாளையம் பக்கத்தில், நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிநீர்த் திட்டமும் தெருவிளக்கும் வர வர, ஊராட்சியின் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போனது. பில்லைக் கட்டிவிட்டு, மற்ற வேலைக்குப் பணம் இல்லை என்று உட்கார்ந்துவிடலாம். அவர்கள் அந்தச் செலவையே குடைந்து பார்த்தார்கள்.

முதலில் சில இடங்களில் சூரிய சக்தி விளக்கு போட்டார்கள். அடுத்து, குடிநீர் மோட்டாரை ஓட்ட மரத்துண்டுகளிலிருந்து எரிவாயு எடுக்கும் கருவி வைத்தார்கள். 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கினார்கள். விலை சுமார் 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன்.

காற்றாலையைச் சொந்த ஊரில் வைக்கவில்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவினார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊருக்குத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட்தான். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். செலவாக இருந்தது வரவாக மாறியது. அந்த வரவும் தனி ஒருவருக்குப் போகவில்லை, ஊருக்கே வந்தது.

சரி, நமக்கு இது எதுக்கு?

வெள்ளிமலையிலும் காற்றாலை வைக்கணும்னு சொல்ல வரவில்லை. “நம்ம ஊர்ப் பணம் எந்த வழியா வெளியே போகுது?” என்ற கேள்வியைத்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பதில் தேட உங்கள் போன் போதும்.

1. கணக்கைப் பாருங்கள். ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்திலும் ‘மேரி பஞ்சாயத்’ செயலியிலும் உங்கள் ஊராட்சியின் திட்டங்களையும் செலவுகளையும் பார்க்கலாம்.

2. கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டம் நடக்கும். குறையை மட்டும் சொல்லாமல், ஒரு யோசனையும் கொண்டு போங்கள். உதாரணத்துக்கு, தினையை ஊரிலேயே சுத்தம் செய்து பாக்கெட் போட ஒரு பொதுக்கூடம் கேட்கலாம். அது தீர்மானமாகப் பதிவாகிறதா என்று பாருங்கள்.

3. குழுவாகச் சேருங்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, தேன், புளி, கடுக்காய் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமை பழங்குடி மக்களுக்கு உண்டு. அதற்கான மனு முதலில் கிராம சபைக்குத்தான் போகும். இந்தப் பொருட்களுக்கு மதிப்புக் கூட்டவே 2018-ல் ‘வன் தன்’ திட்டம் தொடங்கியது. 20 பேர் கொண்ட 15 குழுக்கள், அதாவது 300 பேர் சேர்ந்தால் ஒரு மையம் அமைக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. இப்போது விண்ணப்பிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பழங்குடியினர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

4. தொழிலைப் பதிவு செய்யுங்கள். சிறுதொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு இலவசம். ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே செய்யலாம். அரசுக் கட்டணம் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அதனால் விவரங்களை முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிக்னல் உள்ள இடத்துக்கு வரும்போது விண்ணப்பத்தைப் போட்டு, ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம்.

ஓடந்துறைக்கு 40 லட்சம் சேரப் பல வருஷம் ஆனது. நமக்கும் அவசரமில்லை. இந்த வருஷம் மூட்டையாக இறங்குவதில் நாலு மூட்டையாவது பாக்கெட்டாக இறங்கட்டும். அதுவே தொடக்கம்.