சடங்கிலிருந்து அரங்கிற்கு: மஞ்சம்மா ஜோகதியின் கலைப்பணி

வடகர்நாடகச் சிற்றூர்களில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் எல்லம்மன் திருவுருவைத் தலையில் சுமந்து, வீடுதோறும் பாடி, தானியமும் காசும் பெற்று வாழ்வோர் ஜோகதிகள் எனப்படுவர். அவர்களுள் திருநங்கையரும் உளர். பெற்றோரும் ஊராரும் விலக்கிவிட்ட பலருக்கு இச்சடங்கு வாழ்வே அடைக்கலமாக இருந்து வந்துள்ளது. இரவலுக்குத் துணையாக இருந்த அவர்களது ஆட்டத்தை அரங்கக் கலையாக நாடறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் மஞ்சம்மா ஜோகதி.

ஆட்டத்தின் இயல்பு

ஜோகதி ஆட்டத்தின் கதைத்தலைவி, ஜமதக்னி முனிவரின் மனைவியாகிய ரேணுகா தேவி. தமிழகத்தில் மாரியம்மன் வரலாற்றுடன் இணைத்துக் கூறப்படும் அதே ரேணுகாதான் கர்நாடகத்தில் எல்லம்மனாக வழிபடப்படுகிறாள். அவளுடைய தலைமைக் கோயில் பெலகாவி மாவட்டத்துச் சவதத்தியில் உள்ளது. கணவனின் சினத்திற்கு ஆளாகி, மகன் பரசுராமன் கையாலேயே வெட்டுண்டு, மீண்டும் உயிர் பெற்ற அவளது கதையைச் சௌடிகை, துந்துணி என்னும் நரம்பிசைக் கருவிகளின் துணையோடு பாடுவர். தேவியின் முகம் பொருத்திய குடத்தைக் கையால் பற்றாமல் தலையில் நிறுத்தியே ஆடவேண்டும். நெடிய பயிற்சியின்றி இது கைவராது.

துன்பமும் பயிற்சியும்

பல்லாரி மாவட்டத்தில் ஆண் குழந்தையாக மஞ்சுநாத் என்ற பெயருடன் பிறந்த மஞ்சம்மா, இளமையிலேயே தம்மைப் பெண்ணாக உணர்ந்தார். குடும்பத்தார் அவரை ஹொசபேட்டையை அடுத்த ஹுலிகெம்மா கோயிலுக்கு அழைத்துச் சென்று ஜோகதியாக்கினர். அரைஞாண் அகற்றப்பட்டது, வளையலும் பாவாடையும் அணிவிக்கப்பட்டன. சடங்கிற்குப் பின்னரும் வீட்டில் அவருக்கு நிம்மதியில்லை. நஞ்சருந்தி உயிர் பிழைத்த அவர், இறுதியில் வீட்டை விட்டு வெளியேறினார். இரந்தும், இட்லி விற்றும், சிறுவர்களுக்குப் பாடம் சொல்லியும் நாட்களைக் கழித்தார்.

தாவணகெரே பேருந்து நிலையத்தில் தந்தை பாட, மகன் குடம் சுமந்து ஆடிய காட்சியே அவரது வாழ்வைத் திருப்பியது. அத்தந்தையிடமே ஆட்டம் பயின்றார். பின்னர் காளவ்வா ஜோகதியின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினார். காளவ்வா மறைந்த பின் குழுவை வழிநடத்தும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

அரசின் ஏற்பு

2010-இல் கர்நாடக இராஜ்யோத்சவ விருது கிடைத்தது. 2019-இல் கர்நாடக ஜானபத அகாதமியின் தலைவராக நியமிக்கப்பட்டார்; அப்பொறுப்பை ஏற்ற முதல் திருநங்கை அவரே. 2021 நவம்பரில் பத்மஸ்ரீ விருது பெறுகையில், தம் முந்தானையால் குடியரசுத் தலைவருக்குத் திருஷ்டி கழித்தார். ஊர்த் தெருக்களில் ஜோகதி வழங்கும் வாழ்த்து அன்று நாட்டின் உயரிய மண்டபத்திலும் ஒலித்தது எனலாம்.

எஞ்சியுள்ள பணி

எனினும், ஒருவரது சிறப்பு ஒரு சமூகத்தின் நல்வாழ்வாகிவிடாது. திருவிழா நாளில் ஜோகதியை வணங்குவோர் மறுநாள் அவருக்கு வீட்டை வாடகைக்கு விடவும் தயங்குகின்றனர். 2014-இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் உரிமைகளை ஏற்றது. 2019-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் கர்நாடக அரசு தன் பணியிடங்களில் அவர்களுக்கு 1 சதவிகித ஒதுக்கீடு வழங்கியது. கல்விக்கும் வேலைக்கும் வழி திறக்கத் திறக்க, வேறு கதியின்றி ஜோகதியாவோர் குறைவர். அது வரவேற்கத்தக்கதே.

அப்போது இக்கலையை யார் காப்பர் என்ற கேள்வி எழும். முறையான பயிற்சி, மேடை வாய்ப்பு, மூத்த கலைஞர்களுக்கு உதவித்தொகை ஆகியவையே அதற்கு விடை. விரும்பிக் கற்போரால் இக்கலை வாழவேண்டும். வீட்டிலிருந்து விலக்கப்படுவது அதனைக் கற்பதற்குரிய தகுதியாக இனியும் இருத்தலாகாது.