மிண்டி கேலிங் ஏறிவந்த ஏணி இப்போதும் இருக்கிறதா? டிவி காமெடி எழுத்தாளர் வேலையின் கணக்கு

ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து 'தி ஆஃபீஸ்' ஒரு எபிசோடு ஓடவிடும் கூட்டமா நீங்கள்? அப்படியென்றால் 3ஆவது சீசனில் வரும் தீபாவளி எபிசோடை மறந்திருக்க மாட்டீர்கள். பென்சில்வேனியாவில் இருக்கும் ஒரு பேப்பர் கம்பெனியின் ஊழியர்கள் எல்லோரும் கிளம்பி தீபாவளி கொண்டாட்டத்துக்குப் போவார்கள். 2006 நவம்பர் 2 அன்று என்பிசி சேனலில் ஒளிபரப்பான அந்த எபிசோடை எழுதியவர், அதில் கெல்லி கபூராக நடித்த மிண்டி கேலிங். கெல்லியின் பெற்றோராக வருவதும் அவருடைய சொந்த அப்பா அம்மாதான்.

முழுப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். அப்பா தமிழர், அம்மா வங்காளி. ஸ்டாண்ட்-அப் மேடைகளில் அறிவிப்பாளர்கள் 'சொக்கலிங்கம்' என்ற பெயரைப் படுத்திய பாட்டைப் பார்த்து, அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து 'கேலிங்' ஆக்கிக்கொண்டார். நடிகையாக அவரைத் தெரிந்தவர்கள் அதிகம். ஆனால் அவரை வளர்த்த வேலை எழுத்து. ஒரு டிவி காமெடி எழுத்தாளர் எப்படி உருவாகிறார், அந்தப் பாதை இப்போது ஏன் சிக்கலில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள அவருடைய கரியரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே நுழைந்தது எப்படி?

2001இல் டார்ட்மவுத் கல்லூரியில் படிப்பு முடிந்தது. நியூயார்க்கில் கிடைத்த வேலைகளில் ஒன்று, இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒருவரின் டிவி நிகழ்ச்சியில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட். (நம்முடைய முதல் வேலையைப் பற்றி நாம் இனிமேல் புலம்பக் கூடாது.) இதற்கிடையில் தோழி பிரெண்டா விதர்ஸுடன் சேர்ந்து 'மேட் அண்ட் பென்' என்ற நாடகத்தை எழுதினார். மேட் டேமன், பென் அஃப்லெக் இருவர் முன்னாலும் 'குட் வில் ஹன்டிங்' திரைக்கதை கூரையிலிருந்து வந்து விழுகிறது என்பதுதான் கதை. அஃப்லெக்காக நடித்தவர் மிண்டி. 2002இல் நியூயார்க் ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் அது பேசப்பட்டது. பிரிட்டிஷ் 'தி ஆஃபீஸ்' தொடரை அமெரிக்காவுக்கு மாற்றிக்கொண்டிருந்த கிரெக் டேனியல்ஸ் அவரை வேலைக்கு எடுத்தார். அப்போது மிண்டிக்கு வயது 24. எட்டு எழுத்தாளர்களில் ஒரே பெண்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவர் சேர்ந்தது என்பிசியின் டைவர்சிட்டி திட்டம் வழியாக. இப்படிப்பட்ட திட்டத்தில் வரும் புதியவரின் சம்பளத்தைத் தொடரின் பட்ஜெட் சுமக்க வேண்டியதில்லை, சேனல் கொடுத்துவிடும். அந்த முத்திரை தனக்கு ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது என்றும், மற்றவர்கள் ஆள் பழக்கத்தால் பெற்ற நுழைவைத்தான் அந்தத் திட்டம் தனக்குக் கொடுத்தது என்று பிறகே புரிந்தது என்றும் அவர் பேசியிருக்கிறார்.

அறைக்குள் என்ன நடக்கும்?

அமெரிக்க டிவி காமெடியைத் தனி ஆள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவதில்லை. 'ரைட்டர்ஸ் ரூம்' என்ற அறையில் எழுத்தாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து கதையைக் காட்சி காட்சியாகப் பிரிப்பார்கள். பலகை நிறைய அட்டைகள். கதையின் எலும்புக்கூடு தயாரானதும் ஒருவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டுக்குப் போய் முதல் பிரதியை எழுதி வந்ததும், மொத்த அறையும் அதை வரிவரியாகக் கிழிக்கும். நீங்கள் ஆசையாக எழுதிய ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லையா? அது போச்சு, அவ்ளோதான். பிறகு நடிகர்கள் சேர்ந்து வாசிப்பார்கள், திரும்பவும் திருத்தம். டைட்டிலில் ஒருவர் பெயர் வரும். உள்ளே பலரின் ஜோக்குகள் இருக்கும்.

முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். எபிசோடை எழுதியவர் படப்பிடிப்புக்கும் போவார். எந்த ஷாட் தேவையில்லை, பட்ஜெட் எங்கே இடிக்கிறது, நடிகர் ஒரு வரியை ஏன் சொல்ல மறுக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்த அறைக்கென்று பதவிப் படிகளும் உண்டு. ஸ்டாஃப் ரைட்டரில் ஆரம்பித்து ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர் என்று ஏறி எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் வரை. மிண்டி 20க்கும் மேற்பட்ட எபிசோடுகளை எழுதி, அந்தப் படிகளில் ஏறி உச்சிக்குப் போனார். 'நயாகரா' எபிசோடுக்காக 2010இல் டேனியல்ஸுடன் சேர்ந்து எழுத்துக்கான எமி விருதுப் பரிந்துரையும் கிடைத்தது.

ஏறியது சுலபமாக இல்லை. எமி விருதுக்கான தயாரிப்பாளர் பட்டியலில் தன் பெயரை நிலைநிறுத்த, தன் பங்களிப்பை விளக்கிக் கட்டுரை எழுதி, சக ஆண் தயாரிப்பாளர்களிடம் கடிதமும் வாங்க வேண்டியிருந்தது என்று 2019இல் சொன்னார். எழுதுகிற, நடிக்கிற தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் அதே விதிதான் என்றது டெலிவிஷன் அகாடமி. அதே தொடரில் அப்படி இருந்த மற்றவர்களுக்கு இது நடக்கவில்லையே என்று மிண்டி திருப்பிக் கேட்டார்.

எண்கள் சொல்வது

இனி கணக்கு. 'தி ஆஃபீஸ்' மொத்தம் 201 எபிசோடுகள். 2ஆவது சீசன் மட்டும் 22. அடுத்து மிண்டியே உருவாக்கிய 'தி மிண்டி ப்ராஜெக்ட்' 2012இல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. மூன்று சீசனோடு ஃபாக்ஸ் கைவிட, ஹுலு எடுத்துக்கொண்டது. 2017இல் முடியும்போது 117 எபிசோடுகள். பிறகு 2020இல் லாங் ஃபிஷருடன் சேர்ந்து நெட்ஃபிளிக்ஸுக்கு உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்'. தமிழ்க் குடும்பத்துப் பெண் தேவி விஸ்வகுமாராக, கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் நடித்தாரே, அதுதான். நான்கு சீசன், மொத்தம் 40 எபிசோடுகள். 'தி ஆஃபீஸ்' தொடரின் 2ஆவது, 3ஆவது சீசன்களைக் கூட்டினாலே இதைத் தாண்டிவிடும்.

ரசிகருக்கு இதில் நஷ்டமில்லை. பத்து எபிசோடு என்றால் கதை கச்சிதமாகக்கூட இருக்கலாம். ஆனால் எழுத்தாளருக்கு? 22 எபிசோடு என்றால் வருடத்தின் பெரும்பகுதி வேலை. பத்து எபிசோடு என்றால் சில மாதங்கள்தான், மீதி நாட்களில் அடுத்த வேலை தேட வேண்டும். அதைவிட மோசம் 'மினி ரூம்' பழக்கம். நான்கைந்து பேரை வைத்து எல்லா எபிசோடையும் முதலிலேயே எழுதி முடித்து, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அவர்களை அனுப்பிவிடுவார்கள். 24 வயதில் உள்ளே வருபவர் செட்டையே பார்க்காமல் வெளியே போவார். நாளைக்கு அவர் சொந்தத் தொடரை எப்படி நடத்துவார்?

இன்னொரு வரவு 'ரெசிஜுவல்'. நீங்கள் எழுதியதை மறுபடி ஒளிபரப்பினால் உங்களுக்கு வரும் பங்கு. வேலையில்லாத மாதங்களில் வாடகை கட்டியது இந்தப் பணம்தான். இணையம் வந்ததும் சண்டை ஆரம்பித்தது. 'தி ஆஃபீஸ்' எழுத்தாளர்கள் எழுதிய குட்டி வெப் எபிசோடுகளுக்கு டேடைம் எமி விருது கிடைத்தது. எழுதியதற்குப் பணம் வரவில்லை. 2007-08இல் 100 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, மறியல் வரிசையில் நின்றபடியே அவர்கள் ஒரு வீடியோவில் இதைச் சொல்லிக் கிண்டலடித்தார்கள். மிண்டியும் அதில் இருக்கிறார்.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். 'தி ஆஃபீஸ்' ஸ்ட்ரீமிங் உரிமையை ஐந்து வருடத்துக்குத் தன் வசம் வைத்துக்கொள்ள என்பிசி யுனிவர்சல் 2019இல் போட்ட தொகை 50 கோடி டாலர். நீல்சன் கணக்குப்படி 2020இல் மட்டும் அமெரிக்கர்கள் அந்தத் தொடரைப் பார்த்தது 5,710 கோடி நிமிடங்கள். அதே காலத்தில், நேரடியாக ஸ்ட்ரீமிங்குக்கு எழுதுபவருக்கு எத்தனை பேர் பார்த்தாலும் ஒரே நிலையான தொகைதான்.

2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் சுமார் 11,500 பேர் வேலையை நிறுத்தியதன் பின்னணி இது. 148 நாள் நீடித்தது. முடிவில் கிடைத்தவற்றில் மூன்று முக்கியம். 13 எபிசோடோ அதற்கு மேலோ உள்ள சீசனுக்குக் குறைந்தது ஆறு எழுத்தாளர்கள் என்பதுபோல, எபிசோடு எண்ணிக்கைக்கேற்ப ஆள் வரம்பு வந்தது. சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேர் 90 நாளில் பார்த்த தொடருக்கு போனஸ் உண்டு. ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, எழுத்தாளரை ஏஐ பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

சரி, இங்கே?

ரெசிஜுவலுக்கு நெருக்கமான ஒன்று இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. 2012 காப்புரிமைத் திருத்தத்தின்படி, தியேட்டரில் படமாகத் திரையிடுவதைத் தவிர்த்த பயன்பாடுகளுக்கு ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைத் திரை எழுத்தாளர் எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் அமெரிக்காவில் ஒரு சங்கம் எல்லோருக்குமாகப் பேசி வாங்குவதை, இங்கே பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் ஏதாவது ஓடிடி காமெடிக்கோ யூடியூப் சேனலுக்கோ எழுதப் போவதாக இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் ராயல்டி, டைட்டிலில் பெயர், எத்தனை திருத்தம் வரை சம்பளத்தில் அடங்கும் என்ற மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 148 நாளில் வாங்கிய ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 மே 1 வரை.