35 லட்ச ரூபாய்க்கு ஒரு ஹெட்போன்!

ஜெர்மனி நாட்டு சென்ஹைசர் கம்பெனி 2015-ல் ஒரு ஹெட்போனை அறிவித்தது.

விலை சுமார் 50 ஆயிரம் யூரோ. அன்றைய மதிப்பில், நம் பணத்துக்கு 35 லட்சம் ரூபாய்! ஹெட்போனோடு வரும் கருவிக்குச் சலவைக்கல்லில் பீடம். அந்தப் பணத்தில் ஒரு சின்ன வீடே கட்டி விடலாம்!

திருச்சியில் யாரும் இதைக் கேட்டு அடம் பிடிக்கப் போவதில்லை. ஆனால், 30 ஆயிரம் ரூபாய் ஹெட்போன் கேட்கும் பிள்ளைகள் உறையூரிலும் உண்டு, ஸ்ரீரங்கத்திலும் உண்டு.

வாங்கிக் கொடுக்கலாமா?

ஆராய்ச்சி சொல்வது

ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர், 283 ஹெட்போன்களின் விலையையும் ஒலி அளவையும் ஒப்பிட்டார். 2017-ல் முடிவு வெளிவந்தது. கனத்த ஒலி, மெல்லிய ஒலி இரண்டையும் ஹெட்போன் எந்த அளவில் கொடுக்கிறது என்பதற்கும், விலைக்கும் தொடர்பு இல்லை!

காதுக்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 20 அதிர்வு முதல் 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். வயது ஏற ஏற, மேல் எல்லை இறங்கி விடும். மகனுக்குக் கேட்பது அப்பாவுக்குக் கேட்காது.

நாதசுரம் எங்கே போயிற்று?

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ந்தேதி தொடங்கியது. மத்திய அலை ஒலிபரப்பில், பொதுவாக 5 ஆயிரம் அதிர்வு வரைதான் வரும். அப்படிப் பிடித்து வைத்த நாதசுரக் கச்சேரியில் இல்லாத ஒலியை, எந்த ஹெட்போன் கொண்டு வரும்?

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரோட்டத்தில், கூட்டத்துக்குள் நின்று செல்போனில் மேளத்தைப் பதிவு செய்தாலும் அதே கதைதான். நல்ல ஹெட்போனில் கேட்டால், இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்கும்!

பணம் எதற்கு?

கூடுதல் பணம் வேறு விஷயத்துக்குப் பயன்படும். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி, ஸ்ரீரங்கம் போகும் பிள்ளையைப் பாருங்கள். பஸ் இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவான்.

ஆபத்து அங்கேதான்! 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்காதின் நுண்ணிய செல்கள் செத்தால், திரும்ப முளைக்காது.

வெளி இரைச்சலை அடக்கும் ஹெட்போன் என்றால், சத்தம் குறைவாக வைத்தாலே போதும். அதற்குச் சில ஆயிரம் கூடக் கொடுத்தால் வீண் அல்ல.

கடைக்குப் போகும்போது, தினமும் கேட்கும் பாட்டைக் கொண்டு போகவேண்டும். விலைச் சீட்டைப் பார்க்காமல், இரண்டு மூன்றை மாட்டிக் கேட்க வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணாடியோடு கால் மணி நேரம் மாட்டிப் பார்க்கட்டும். காது நொந்தால், அது எத்தனை ஆயிரம் ஆனாலும் வேண்டாம்.