பழைய சாமானில் புதுக் குடித்தனம்



மகளைத் தனிக்குடித்தனம் வைக்கணும், சமையல் சாமான் வாங்க 15,000 ரூபாய் வேணும் என்று ஒரு உறுப்பினர் நம் குழுவில் உள்கடன் கேட்டார். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றாலும் முதல் மாத வட்டியே 150 ரூபாய். எல்லாமே புதுசாத்தான் இருக்கணுமா என்று கூட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரை.

பொத்தேரியில் இருக்கிற நமக்கு இரண்டு வசதி. எஸ்.ஆர்.எம்.மில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் அடுப்பு, பக்கெட், பாத்திரமெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். இன்னொன்று, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. மின்சார ரயிலில் நேராகப் போய்விடலாம்.

எவர்சில்வர் பாத்திரத்தைத் தயங்காமல் வாங்கலாம். ஓட்டை, விரிசல் இல்லையா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கும். இருக்கட்டுமே, சோறு வேகாதா என்ன? அம்மி, ஆட்டுக்கல்லுக்குச் சந்தை வரை போக வேண்டாம். மிக்சி வந்த பிறகு பக்கத்து வீட்டுக் கொல்லையிலேயே சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். கொத்திக்கொண்டால் புதுசு மாதிரி அரைக்கும்.

பித்தளைப் பாத்திரம் வாங்கினால் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள். களிம்பேறி வாந்தி வரும். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் விஷம். கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மிக்சி, கிரைண்டரை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. கருகல் வாசனை வந்தால் மோட்டார் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தரம் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த மிக்சி அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்களில் ஒருவர் மலிவாகக் கிடைத்ததென்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தார். வீட்டில் இருந்த அலுமினியப் பானை எதுவும் அதில் சூடாகவே இல்லை! அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதற்கு ஆகும். கடைசியில் அடுப்பில் மிச்சம் பிடித்த காசு பாத்திரத்துக்குப் போனது.

குக்கரை யோசித்து வாங்குங்கள். அடி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். நல்லதாக இருந்தாலும் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அதே கம்பெனியுடையதைப் புதுசாகப் போட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றணும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. அடுப்பு பழசாக இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டி பர்னர், திருகு, கசிவு பார்த்துவிட்டு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்கள் பெயரில் ஏஜென்சியிலிருந்தே வரணும். ரப்பர் டியூப் புதுசுதான், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். தேதி டியூபிலேயே அச்சடித்திருக்கும்.

இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்ததும், அந்த உறுப்பினர் கடன் மனுவைத் திருத்திக் கொடுத்தார். 7,000 ரூபாய்.