தண்டனைக்கு முன் எழ வேண்டிய வினா



குற்ற வழக்கொன்றில் யார் செய்தார், யாது செய்தார் என்பனவே முதலில் எழும் வினாக்கள். ஆனால், ஆண்டுக்கணக்காக வீட்டினுள்ளே அடியும் அச்சுறுத்தலும் அனுபவித்த ஒருவர், அதன் விளைவாகவே குற்றம் செய்திருப்பின், அவரையும் ஏனையோரையும் ஒரே கோலால் அளத்தல் நீதியாகுமா?

ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலம் 2019 ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டமொன்று இயற்றியது. அதன்படி நீதிபதி மூன்று விடயங்களை ஆராய்வார். குற்றம் நிகழ்ந்த காலத்தில் எதிரி தம் குடும்பத்தவரால் உடலளவிலோ உள்ளத்தளவிலோ பெருங்கொடுமைக்கு ஆளாகியிருந்தாரா? குற்றத்துக்கு அக்கொடுமை முக்கிய காரணமா? வழக்கமான தண்டனை அவருக்கு மிதமிஞ்சிக் கடுமையாகுமா? மூன்றுக்கும் விடை ‘ஆம்’ எனின், தண்டனையைக் குறைக்கலாம். ஆண், பெண் என்ற பேதம் இதில் இல்லை.

அம்மாநிலத்தில், தன் பிள்ளைகளின் தந்தையைச் சுட்டுக் கொன்ற தாயொருத்திக்கு 2020 இல் குறைந்தது 19 ஆண்டுகள், கூடியது ஆயுள் முழுவதும் எனத் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை நீதிபதி புதிய சட்டம் அவளுக்குப் பொருந்தாதென்றார். 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது பொருந்துமெனக் கண்டு, தண்டனையை ஏழரை ஆண்டுகளாகக் குறைத்தது.

கொலைக்குச் சலுகையா எனச் சிலர் வினவலாம். இது மன்னிப்பு அன்று. குற்றத் தீர்ப்பு அவ்வாறே நிற்கிறது, தண்டனையின் அளவே மாறுகிறது. முதலாந்தரக் கொலை, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு இச்சட்டம் இடமளிப்பதில்லை.

சட்டம் வருமுன்னரே குற்றம் செய்து, எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரும் மனுச் செய்யலாம். ஆயினும், தாம் பட்ட கொடுமைக்கு இரு சான்றுகளேனும் அவர் காட்ட வேண்டும். அவற்றுள் ஒன்று, ஆஸ்பத்திரிப் பதிவு, பொலிஸ் அறிக்கை, நேரிற் கண்டவரின் சத்தியக் கூற்று போன்றதாயிருத்தல் அவசியம். இடர்ப்பாடு இங்கேதான் உளது. மானத்துக்கு அஞ்சியும் பிள்ளைகளை எண்ணியும் வாய் திறவாதிருந்தவளுக்குப் பதிவு எங்கிருந்து வரும்? எவ்வளவுக்கு அவள் பொறுத்தாளோ, அவ்வளவுக்கு அவள் சான்று குறைகிறது.

ஆதலின், காயத்தைக் கண்டு குறித்துவைத்த தாதியும், கண்டதைச் சொல்ல முன்வந்த அயலவரும் நீதிக்குத் துணைபுரிந்தோரே. சட்டம் செவிசாய்க்கச் சித்தமாயிருப்பினும், சொல்வாரின்றேல் அது எதனைக் கேட்கும்?